படகில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது

அக்கா,

நேற்று மோருக்குப் போட நாரத்தை இலை பறிக்கப் போனேன். கிணற்றடி மரம் இந்த வருஷம் கண்டபடி தழைத்துக் கிடக்கிறது. ஒரு கொத்தை உருவி, நடு நரம்பை எடுக்க இலையை இரண்டாகக் கிழித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கிணற்றடியில் இல்லை, நாகமரைப் படகுத்துறையில் இருந்தேன். டீசல் புகை, ஈர மண், மீன் கூடைகள், நடுவில் நீங்கள். இலையை உள்ளங்கையில் கசக்கி மூக்கோடு வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வராதுன்னு நெனைக்கிறேன் புள்ள" என்கிறீர்கள். அக்கரைக்குப் போகிற நாளில் என்றைக்கு வாந்தி வராமல் இருந்தது? இலையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மோரில் வெறும் உப்பைப் போட்டுக் குடித்தார்கள்.

நீங்கள் இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் ஒரே அடுப்பில் எத்தனை நாள் சமைப்பார்கள் என்று ஏரியூரில் பந்தயம் கட்டாத குறைதான். நாம் கடைசிவரை ஒரே அடுப்பில் களி கிண்டினோம். சண்டை வந்ததெல்லாம் களி கட்டி தட்டிப்போன நாட்களில்தான், அதுவும் கட்டி தட்டவிட்டது யார் என்பதற்காக.

நான் பொம்மிடிக்காரி. ரயில் சத்தத்தில் வளர்ந்தவள், தண்ணீர் என்றால் குழாயில் வருவது என்று நினைத்திருந்தவள். நீங்கள் பண்ணவாடிப் பக்கம், அணைத் தண்ணீருக்கு அந்தாண்டை. சிறு வயதில் உங்கள் அப்பாவோடு சந்தைக்கு இந்தக் கரைக்கு வரும்போது படகின் மூக்கில் உட்கார்ந்து வருவீர்களாம், ஒன்றும் செய்யாதாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் படகு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. "அது அப்பன் வூட்டு ஒடம்பு, கல்யாணமானா மாறிடும்" என்றார்கள் பெரியவர்கள். எனக்கோ எந்தக் காற்றிலும் எதுவும் ஆகாது. "பொம்மிடிக்காரிக்கு ரயிலே தொட்டிலு, அதான் ஆட்டம் பழகிப்போச்சு" என்று கேலி செய்வீர்கள். நானும் அதை நம்பி, என் உடம்பு வாகு அப்படி என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசித் திரிந்தேன்.

நீங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் அத்தை வாசல்வரை வந்து சொல்லுவார். மாமியார் அதிகாரம் எதுவும் அதில் இல்லை, பாசமாகத்தான் சொல்லுவார். "பொறந்த வூட்டுக்குப் போற பொண்ணு புகுந்த வூட்டுக்கு முதுகு காட்டிக்கிட்டுப் போவக்கூடாது தங்கம். அந்தக் கரை சேர்ற மட்டும் இந்தப் பக்கம் பாத்தே ஒக்காரு." யாரோ ஒரு மருமகள் அப்படி உட்காராமல் போன வாரத்தில் மாட்டுக் கொட்டகை பற்றி எரிந்ததாம். எந்தக் காலத்து மருமகள், யார் வீட்டுக் கொட்டகை என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. இந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை அத்தையைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

அதனால் குறுக்குப் பலகையில், படகு போகிற திசைக்கு முதுகைக் கொடுத்து, நம் கரையைப் பார்த்து உட்காருவீர்கள். நான் உங்களுக்கு எதிர்ப் பலகையில். எனக்கு அந்தச் சட்டம் கிடையாது, நான் துணைக்கு வருகிறவள்தானே. எதிரே உட்கார்ந்தால்தான் துண்டை நீட்டவும் தலையைப் பிடிக்கவும் வசதி.

மோட்டாரை முடுக்கி, படகு கரையை விட்டு விலகி, காற்று வீசுகிற இடத்துக்கு வந்ததும் உங்கள் முகம் மாறும். முதலில் பேச்சு நிற்கும். பிறகு கொட்டாவி மேல் கொட்டாவி. நெற்றி வேர்க்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிவீர்கள். அப்புறம் படகின் விளிம்புதான் கதி. அக்கரை சேரும்போது உங்களைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது பண்ணவாடித் துறையில் ஏறி, வழக்கம்போல நம் கரையைப் பார்த்து உட்காருவீர்கள். நானும் உங்கள் பக்கத்திலேயே. அதே தண்ணீர், அதே காற்று, அதே ஓட்டைப் படகு. ஒன்றும் ஆகாது. கடலை கொறித்துக்கொண்டே வருவீர்கள். அத்தைக்கு இதில் ஒரே பூரிப்பு. "எம் மருமவளுக்கு இந்த வூடுதான் ஒட்டுது. அங்க போறதுன்னா கொமட்டுது, இங்க வர்றதுன்னா சிரிச்சுக்கிட்டு வர்றா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டு நீங்களும் சிரித்தீர்கள், முதல் கொஞ்ச காலம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நாரத்தை இலை, எலுமிச்சம்பழம், வாயில் அடக்கிக்கொள்ளச் சீரகம், புளி உருண்டை, சுக்குத் தண்ணீர். பென்னாகரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், வயிற்றில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டால் புரட்டாது என்றார். புடவைக்குள் பேப்பரைச் செருகிக்கொண்டு நீங்கள் துறையில் இறங்கியபோது அடிக்கு அடி சரசரவென்று சத்தம். "இன்னிக்கு சேதியெல்லாம் படிக்காமயே வயித்துக்குப் போயிடுச்சுங்கக்கா" என்றேன். சிரித்து முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது, பேப்பர் நனைந்ததுதான் மிச்சம். வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்தோம், பித்தமாக வந்தது. இரண்டு இட்லியோடு போனோம், இட்லியாக வந்தது. "மீனுங்களுக்கு நம்ம வூட்டு இட்லி பழகிப்போச்சு புள்ள" என்று வாயைத் துடைத்துக்கொண்டே நீங்கள் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மெடிக்கலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். படகில் ஏறிய பிறகு போட்டால் கேட்காது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுவிடுங்கள் என்றார்கள். அது கேட்டது. ஆனால் அம்மா வீட்டுக்குள் கால் வைத்ததும் உங்களுக்குத் தூக்கம் அழுத்த ஆரம்பித்தது. பாயில் சாய்ந்தவர் பொழுது இறங்கும்போதுதான் எழுந்தீர்கள். கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. "எங்கம்மா மொகத்தப் பாக்க வந்தேன். அவங்க எம் மொகத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாங்க" என்று துறைக்கு நடக்கும் வழியில் சொன்னீர்கள். அத்தோடு மாத்திரையும் வேண்டாமென்றாயிற்று.

அந்த ஆடிப் பண்டிகை நாளை மறக்க முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, படகில் ஏறி இந்தப் பக்கம் வருவது நின்று போயிருந்தது. நீங்கள் போனால்தான் பார்க்க முடியும். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் களி கிண்டி, தட்டைக் கழுவி வைத்துக் காத்திருந்தார். நீங்கள் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தீர்கள். குழம்பு வாசனைக்கே உங்களுக்கு மறுபடி புரட்டியது, எழுந்து வெளியே ஓடினீர்கள். அத்தையின் பெருமைப் பேச்சு எப்படியோ படகேறி அக்கரைக்கும் வந்து சேர்ந்திருந்தது போல.

நீங்கள் முகம் கழுவி வந்ததும் உங்கள் அம்மா மெதுவாகத்தான் கேட்டார். "இங்கிருந்து போறப்ப ஒண்ணும் பண்றதில்லையாமே?"

"ஆமாம்மா. என்னன்னே தெரியல."

"பெத்தவ வூட்டுக்கு வர்றதுதான் கசக்குதா?"

"அப்பிடியெல்லாம் இல்லம்மா. தண்ணி ஒத்துக்கல."

"ரெண்டு வழிக்கும் ஒரே தண்ணிதானே" என்றார்.

அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. குழம்புச் சட்டியைத் தட்டால் மூடி அடுப்போரம் நகர்த்திவிட்டு எழுந்து விந்தி விந்தி நடந்து போனார். எதிரே உட்கார்ந்திருந்த நானும் அதையேதான் நினைத்தேன். ஒரே தண்ணீர்தான், அதில் என்ன சந்தேகம்.

அதற்குப் பிறகு உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். கையை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏ புள்ள, மனசுக்குத் தெரியாம ஒடம்பு தனியா ஒண்ணு நெனைக்குமா?"

"ஒடம்புக்கு என்னங்கக்கா நெனப்பு இருக்கு, அது பாட்டுக்குக் கெடக்குது."

"இல்ல. எனக்கு எங்கம்மான்னா உசுரு. ஆனா ஒடம்பு வேற என்னமோ சொல்லுது. அவங்க கேட்டது நெசமா இருக்குமோ என்னமோ."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதுகூட நினைவில்லை, அவ்வளவு லேசான சமாதானம்.

போய் நின்று, அம்மா ஆக்கி வைத்ததைப் பார்த்துக் குமட்டி, அவர் மனதைப் புண்படுத்துவதைவிடப் போகாமல் இருப்பதே மேல் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அந்தத் தீபாவளிக்குப் போகவில்லை. அடுத்த ஆடிக்கும் போகவில்லை. பஸ்ஸில் மேட்டூர் சுற்றிப் போனால் போய்ச் சேரவே பொழுது போய்விடும், கறவை மாடுகளை அத்தனை நேரம் விட்டு இருக்கவும் வழியில்லை. கடலையையும் ராகி மாவையும் பையில் கட்டிப் படகுக்காரரிடம் கொடுத்து அனுப்புவீர்கள். உங்கள் அம்மா அந்தப் பையைத் துவைத்து மடித்துத் திருப்பி அனுப்புவார், கூடவே சேதி ஒன்றும் வராது. போனில் பேசினால் நல்லாருக்கியா, நல்லாருக்கேன் என்பதோடு முடிந்துபோகும். துறைப் பக்கம் வேலையாகப் போகும்போது நீங்கள் நின்று அக்கரையைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பாலமலை அடிவாரத்தில் உங்கள் ஊர்த் தென்னைகள் ஒரு கோடு மாதிரி தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிற தூரம்.

உங்கள் அம்மா போய்விட்ட சேதி காலையில் போனில் வந்தது. அப்போது அத்தை இல்லை, காலமாகி இரண்டு மழை பார்த்தாயிற்று. ஆடிக்காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. துறைக்கு ஓடினோம். படகு முழுக்கச் சாவுக்குப் போகிற கூட்டம். மூக்குப் பக்கம் இருந்த சின்னப் பலகைதான் காலி. நீங்கள் போய் அதில் உட்கார்ந்தீர்கள், அக்கரையைப் பார்த்து. வீட்டுக்கு முதுகு காட்டுகிறோம் என்ற நினைப்பு உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முந்தானையை மூடிக்கொள்ளவில்லை, குனியவில்லை. அந்தத் தென்னைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பின்னால் துண்டோடும் இலையோடும் தயாராக நின்றேன். படகு எகிறி எகிறி விழுந்தது. மீன்காரப் பெண் ஒருத்தியே வாயைப் பொத்திக்கொண்டாள். உங்களுக்கு ஒன்றும் வரவில்லை. துக்கத்தில் வாந்திகூட மறந்து போகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து திரும்பிய நாளிலும் காற்று குறையவில்லை. படகில் ஏறியதும் நீங்கள் வழக்கத்துக்கு மாறாக நம் கரைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தீர்கள். "இன்னிக்கு ஒரு நாளு எங்கம்மா ஊரப் பாத்துக்கிட்டே போறேன் புள்ள. யாரு கேக்கப் போறா" என்றீர்கள். நான் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

பாதித் தண்ணீரில் உங்கள் பேச்சு நின்றது. கொட்டாவி வந்தது. நெற்றி வேர்த்தது. வரும் வழியில் ஒருநாளும் வராத வாந்தி, குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஓய்ந்த பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அப்படிப் பார்த்தபடியே இருந்துவிட்டு, பலகையில் மெல்லத் திரும்பி, போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்தீர்கள்.

"ஏ புள்ள, நீ போறப்ப எந்தப் பக்கம் பாத்து ஒக்காருவ?"

"ஒங்க எதிருலதானுங்கக்கா. படகு போற பக்கம்."

"வர்றப்ப நானு?"

"நீங்களும் போற பக்கந்தான். நம்ம கரையப் பாத்து."

"சின்னதுல மூக்குல ஒக்காந்து வருவேன்" என்றீர்கள். நாகமரைத் துறை பக்கத்தில் வந்தபோது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "ரெண்டு வழிக்கும் ஒரே தண்ணிதானேன்னு கேட்டாங்க. இப்ப பதிலு தெரிஞ்சுபோச்சு. யாருகிட்ட போய்ச் சொல்றது?"

படகு மண்ணில் தட்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

பிறகு உங்கள் மகன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று வேறு சொல்ல, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறதாம். போகிற திசையைப் பார்த்து உட்கார வேண்டும், தூரத்தில் அசையாமல் இருக்கிற எதையாவது பார்க்க வேண்டும், குனியக் கூடாது, முகத்தை மூடக் கூடாது, புகை வருகிற பக்கம் வேண்டாம், நடுப் படகில் ஆட்டம் குறைவு. ஒவ்வொன்றாக அவன் படிக்கப் படிக்க, நாம் அத்தனை வருஷம் தேடித் தேடிச் செய்ததெல்லாம் நேர் எதிராக இருந்தது. நீங்கள் முழுக்கக் கேட்டீர்கள். "இவ்வளவுதானா" என்றீர்கள். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு உங்கள் தம்பி வீட்டுக்கு எத்தனையோ முறை போய் வந்தோம். படகின் நடுவில், அக்கரையைப் பார்த்து, பாலமலை உச்சியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். இலை வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை இறங்கி நடக்கும்போது சொன்னீர்கள். "இப்பல்லாம் நல்ல பசியோட வந்து எறங்கறேன். எனக்குன்னு ஆக்கி வெச்சிட்டு ஒக்காந்திருக்கத்தான் ஆளில்ல."

அக்கா, இதில் யாரை நோவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை வீடு வாழ வேண்டும் என்று சொன்னார். நீங்கள் அதற்காக அவர் சொன்னபடி நடந்தீர்கள். உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் அத்தனை வருஷமும் நல்ல பலகையில் உட்கார்ந்துகொண்டு, என் உடம்பு வாகு என்று நம்பியிருந்தேன். ஒரே ஒரு தடவை விளையாட்டுக்காவது நாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். நான் வாந்தி எடுத்திருப்பேன், நீங்கள் சிரித்திருப்பீர்கள், அந்தக் கோழிக்குழம்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு தாயும் மகளும் விலகிப் போய்விட்டார்களே என்பதுதான் ஆறவில்லை.

மாசியில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். தருமபுரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பல் கரைக்கும் நாளில் அதே துறைக்கு வந்தோம். உங்கள் மகன் வெள்ளைத் துணி கட்டிய பானையை மடியில் வைத்துக்கொண்டு படகில் ஏறினான். உங்கள் தம்பியும் பங்காளிகளும் கூட ஏறினார்கள். பெண்கள் நாங்கள் கரையோடு நின்றோம். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், "தம்பி, வூட்டுப் பக்கம் பாத்தாப்புல ஒக்காரு. ஒங்கம்மா கடைசியா வூட்டப் பாத்துக்கிட்டே போவட்டும்" என்றார். அவரும் பாசமாகத்தான் சொன்னார். உங்கள் மகன் நம் கரையைப் பார்த்து உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய்ச் சொன்னேன். "தம்பி, திரும்பி ஒக்காருப்பா. அப்பிடி ஒக்காந்தா ஒங்கம்மாவுக்கு ஒத்துக்காது."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பின்னால் ஒரு பெண் வெடித்து அழுதாள். உங்கள் மகன் என்னையே பார்த்தான். பெரியவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், பானையை அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, அக்கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். மோட்டாரை முடுக்கினார்கள். நான் தண்ணீரிலேயே நின்றேன்.

உங்கள் புடவைகளைப் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று, பாத்திரங்கள் உங்கள் மருமகளிடம் இருக்கின்றன. எனக்கென்று மிஞ்சியிருப்பது உங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேராத அந்தப் பதில்தான். இந்நேரம் நீங்களே சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிற நாட்களில் சோறு தொண்டையில் இறங்குகிறது. நம்ப முடியாத நாட்களில், வேலையோடு வேலையாக, நானே சொல்லிக்கொள்கிறேன்: ஒங்க மவளுக்கு ஒங்க வூடு கசக்கலைங்க ஆத்தா, நாங்கதான் அவங்களத் திருப்பி ஒக்கார வெச்சிருந்தோம்.